வானிற் பேசும் முறை

நிலத்தில் இருவர் உரையாடுமிடத்து, ஒருவர் கூறியது மற்றவருக்கு விளங்காவிடின் திரும்பக் கேட்டுத் தெளியலாம். முகக்குறியையும் கைச்சாடையையும் கண்டு கருத்தை உய்த்துணரலாம். வானிற் பறக்கும் விமானிக்கும் நிலத்திலிருந்து அவரை வழிப்படுத்தும் கட்டுப்பாட்டாளருக்கும் இவ்வசதிகள் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் காணார். பலவேளைகளில் ஒருவர் தாய்மொழியை மற்றவர் அறியார். இடையே உள்ளது குரல் ஒன்றே. அக்குரலும் இரைச்சலினூடாக வருவது; ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். ஆகவே, இன்ன பொருளுக்கு இன்ன சொல் என்னும் வரையறை விமானப் போக்குவரத்தில் இன்றியமையாததாயிற்று. இச்சொற்களை எவரும் ஒரே நாளில் அமர்ந்து வகுத்துவிடவில்லை. பல்லாண்டுக் காலத்தில் அவை ஒவ்வொன்றாகத் திரண்டு வந்தன. அவற்றுட் சிலவற்றுக்கு மனித உயிர்களே விலையாயின.

1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கனடா நாட்டு விமானியாகிய ஜோன் மக்கேர்டி என்பார், நியூயோர்க் நகரின் ஷீப்ஸ்ஹெட் பே என்னுமிடத்திற் பறந்துகொண்டே கம்பியில்லாத் தந்தி மூலம் நிலத்திற்குச் செய்தி அனுப்பினார். முதலாம் உலகப் போரில் வேவு விமானங்கள், பீரங்கிக் குண்டுகள் விழுமிடத்தை மோர்ஸ் குறிகளால் அறிவித்தன. அவ்விமானங்களிற் பலவற்றில் செய்தி அனுப்பும் கருவி மட்டுமே இருந்தது. பெறும் கருவி இல்லை. எனவே கீழே நின்றோர் தரையிலே துணிகளை விரித்து விடை காட்டினர். போர் முடிந்த பின்னரும் பல விமானத் தளங்களிற் கண்ணுக்குப் புலனாகும் குறிகளே வழங்கின. 1929இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகர விமானத் தளத்திற் பணியேற்ற ஆர்ச்சி லீக் என்பவர், ஓடுபாதையருகே நின்று கொடிகளை அசைத்தே விமானங்களைச் செல்லவும் நிற்கவும் பணித்தார். மூடுபனியிற் கொடி எவ்வாறு தெரியும்? அடுத்த ஆண்டில், அந்நாட்டின் கிளீவ்லன்ட் விமான நிலையத்தில் வானொலிக் கருவி பொருத்திய கட்டுப்பாட்டுக் கோபுரம் அமைந்தது.

இங்கிலாந்தில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்திருந்தது. 1920இல் இலண்டன் மாநகரின் விமான நிலையமாகத் திறக்கப்பட்ட குரோய்டன், வானொலி வழியாக விமானிகளோடு உரையாடுவதில் முன்னின்றது. அங்கே தலைமை வானொலி அலுவலராயிருந்தவர் பிரெடெரிக் ஸ்ரான்லி மொக்போட். ஆபத்துக் காலத்தில் எல்லோருக்கும் எளிதில் விளங்கக்கூடிய ஒரு சொல்லைக் கண்டுதரும் பணி அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கப்பல்கள் தந்தியிற் பயன்படுத்திய எஸ்.ஓ.எஸ். என்னும் குறி குரலுக்குப் பொருந்தவில்லை. எஸ் என்னும் எழுத்தைத் தொலைபேசியிற் பிரித்தறிதல் கடினம். அந்நாளிற் குரோய்டனிலிருந்து சென்ற விமானங்களிற் பெரும்பாலானவை பாரிஸ் நகரின் லெ பூர்ஷே நிலையத்தையே நாடிச் சென்றன. ஆதலால் மொக்போட், எனக்கு உதவுக என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி, 'மேடே' என்னும் சொல்லை 1923இல் முன்வைத்தார். 1927இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாடு அதனை ஏற்றுக்கொண்டது. ஆபத்துற்ற விமானி அச்சொல்லை மும்முறை கூறின், அந்த அலைவரிசையிலுள்ள ஏனையோர் வாய்மூடி அவருக்கு வழிவிடல் வேண்டும்.

'றொஜர்' என்னும் சொல்லின் வரலாறும் சுவையானது. செய்தி கிடைத்தது என்பதற்குத் தந்தியாளர் ஆர் என்னும் ஓரெழுத்தை அனுப்புவர். குரலாற் பேசத் தொடங்கிய காலத்தில், எழுத்துக்களுக்குப் பெயரிட்டழைக்கும் அட்டவணையில் அவ்வெழுத்தின் பெயர் றொஜர் என்றிருந்தது. பின்னர் அட்டவணை மாறியது. எழுத்தின் பெயர் றோமியோ ஆயிற்று. ஆனால் விமானிகளின் நாவில் றொஜர் நிலைத்துவிட்டது. அதன் பொருள், நீர் சொன்னது முழுவதும் கேட்டது என்பது மட்டுமே. இசைகிறேன் என்பதோ, அவ்வாறே செய்வேன் என்பதோ அதன் பொருளன்று. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், பெரும்பயன் உடையது.

எழுத்துக்களின் அட்டவணையை வகுத்தோர் பட்ட பாடும் சிறிதன்று. பீ, டீ, சீ, ஈ முதலிய ஆங்கில எழுத்துக்கள் இரைச்சலில் ஒன்றுபோலவே ஒலிக்கும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் வேண்டுகோளின்படி, மொன்றியல் பல்கலைக்கழக மொழியியற் பேராசிரியர் ஷான் போல் வினே என்பார், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மும்மொழியாளரும் எளிதில் ஒலிக்கத்தக்க சொற்களை ஆராய்ந்தார். 1951இல் நடைமுறைக்கு வந்த அட்டவணையிற் சில சொற்கள் குழப்பம் விளைத்தமையால், 31 நாட்டவரைக் கொண்டு மேலும் சோதனைகள் நடாத்தப்பெற்றன. ஐந்து சொற்கள் மாற்றப்பட்டன. அல்பா, பிராவோ, சார்லி எனத் தொடங்கும் அட்டவணை 1956ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாள் நிலைபெற்றது.

சொற்கள் அமைந்தன, எனினும் அவற்றை வழுவாது வழங்கும் கட்டுப்பாடு முழுமையுறவில்லை. அதனை உலகுக்கு உணர்த்திய நாள் 1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி. கிரான் கனாரியா விமான நிலையத்தில் வெடித்த குண்டொன்றின் காரணமாக, பல விமானங்கள் அண்மையிலுள்ள தெனெரீப் தீவுக்குத் திருப்பப்பட்டன. அச்சிறு நிலையத்தில் விமானங்கள் நெருங்கி நின்றமையால், ஒல்லாந்து நாட்டுப் பெருவிமானமொன்றும் அமெரிக்கப் பெருவிமானமொன்றும் ஓடுபாதை வழியாகவே ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது. மூடுபனி கவிந்தது. ஒல்லாந்து விமானம் பாதையின் எல்லையை அடைந்து திரும்பி நின்றது. மேலெழுந்த பின் செல்ல வேண்டிய வழியை மட்டும் கட்டுப்பாட்டாளர் கூறினார். புறப்படுதற்கான அனுமதியை வழங்கவில்லை. துணைவிமானி அதனைத் திருப்பிக் கூறி, தாம் இப்போது மேலெழும் நிலையில் இருப்பதாக இருபொருள்பட முடித்தார். விமானமோ ஓடத் தொடங்கிவிட்டது. அது காத்து நிற்கின்றது எனக் கருதிய கட்டுப்பாட்டாளர், சரியென்று விடையிறுத்து, சற்றே நிறுத்தி, தாம் அழைக்கும்வரை பொறுத்திருக்குமாறு பணித்தார். அதே கணத்தில் அமெரிக்க விமானி, தாம் இன்னும் ஓடுபாதையிலேயே இருப்பதாக அறிவித்தார். இரு குரலும் ஒரே அலைவரிசையில் மோதிக் கீச்சொலியாயின. ஒல்லாந்து விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது சரி என்னும் ஒரு சொல்லே. இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர்.

இப்பேரிடருக்குப் பின்னர் நடைமுறைகள் இறுக்கமாயின. மேலெழுதல் என்பதற்குரிய ஆங்கிலச் சொல், அதற்கான அனுமதியை வழங்கும்போதும் அவ்வனுமதியை விலக்கும்போதும் மட்டுமே வழங்கப்படும். ஏனைய இடங்களிற் புறப்பாடு என்னும் பொருளுடைய வேறு சொல்லையே ஆளல் வேண்டும். ஓடுபாதை, உயரம், திசை, அனுமதி ஆகியவற்றை விமானி சொல்லுக்குச் சொல் திருப்பிக் கூறல் வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதனைச் செவிமடுத்துப் பிழை திருத்தல் வேண்டும். இங்கே றொஜர் என்றோ, சரி என்றோ சொல்லிவிடுதல் போதாது.

சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாது விடுதலும் கேடு பயக்கும். 1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற விமானமொன்று நெடுநேரம் வானிற் காத்துநிற்க நேர்ந்தது. எரிபொருள் தீர்ந்துவருவதை விமானிகள் அறிவித்தனர், முன்னுரிமை வேண்டினர், மேடே என்று மட்டும் கூறினாரல்லர். அவர்தம் நிலையின் கொடுமையைக் கட்டுப்பாட்டாளர்கள் உணரவில்லை. எரிபொருள் வற்றி விமானம் வீழ்ந்தது. 73 பேர் இறந்தனர். மொக்போட் வகுத்த சொல் அன்று ஒலித்திருப்பின், அவ்விமானத்துக்கு உடனே வழி திறந்திருக்கும்.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி, புதுடில்லிக்கு மேற்கே சவூதி அரேபிய விமானமும் கசாக்ஸ்தான் விமானமும் வானில் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 15,000 அடி உயரத்தில் நிற்குமாறு பணிக்கப்பட்ட கசாக்ஸ்தான் விமானம் அதனிலும் கீழே இறங்கியமையே காரணமென விசாரணை கண்டது. அதன் விமானிகளின் ஆங்கில அறிவுக் குறைவும் சுட்டிக்காட்டப்பட்டது. 2003இல் சர்வதேச நிறுவனம் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்தேர்ச்சி விதிகளை வகுத்தது. 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவை நடைமுறைக்கு வந்தன.

விமானியின் பேச்சு, கேட்போர் செவிக்கு வறண்டதாகவும் இயந்திரத்தன்மை வாய்ந்ததாகவும் தோன்றலாம். சொன்னதையே திரும்பச் சொல்வது வீண்வேலையெனவும் படலாம். சொல் தெளிவுறாத நாளில் நேர்ந்தது என்ன என்பதற்குத் தெனெரீப் சான்று. பயணிகள் இருக்கையிற் சாய்ந்து கண்ணயரும் வேளையில், முன்னே அமர்ந்திருப்பவர் ஓர் எண்ணைக் கேட்டு, அதனை அப்படியே திருப்பிக் கூறி, ஆம் என்ற விடைக்குக் காத்திருக்கின்றார். அவர்களுடைய உயிர் அச்சில நொடிப் பொறுமையிலே தங்கியிருக்கின்றது.