ஒரு நொடிக்கு எத்தனை படம்?

புதுவைக்குத் தென்மேற்கே உள்ள ஏம்பலத்தில் எங்கள் பெரிய அத்தை நடவுப் பாட்டுப் பாடியதை, அவருடைய பேரன் தன் கைபேசியில் படம் பிடித்தான். சம்பா நடவு நாள். சேற்றில் குனிந்து நின்ற பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவே அத்தை முதலடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். கைபேசியில் இருந்தவற்றுள் உயர்ந்த அமைப்பையே அவன் தேர்ந்திருந்தான்: 4கே அளவு, நொடிக்கு 60 படம். அன்று மாலையே அதைப் படத்தொகுப்புச் செயலி ஒன்றில் திறந்து, தலையையும் வாலையும் நறுக்கி, உறவினர் எல்லாருக்கும் விரைவாகப் போய்ச் சேரட்டும் என்று இருப்பதிலேயே சிறிய அளவில் எக்ஸ்போர்ட் செய்தான். கைபேசியில் இடம் போதவில்லை. மூலப் பதிவை அழித்துவிட்டான்.

மறு ஆண்டு அத்தை காலமானார். முப்பதாம் நாள் பூசை முடிந்து, முற்றத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் படத்தைக் காட்டினோம். அத்தை நிமிர்ந்து நின்ற சில நொடிகளில் முகம் ஒருவாறு தெரிந்தது. குனிந்து நாற்றை ஊன்றத் தொடங்கியதும் கைகள் கரைந்து போயின. வயல்நீர் சதுரம் சதுரமாக உடைந்தது. பேரன் உள்ளே ஓடிப்போய் அந்தச் சிறிய படத்தையே மீண்டும் செயலியில் இட்டு, 4கே என்றும் 60 என்றும் எண்களை ஏற்றி எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவந்தான். கோப்பு பலமடங்கு பெருத்திருந்தது. கைகள் அப்படியேதான் இருந்தன.

அவனை நாங்கள் கடிந்துகொள்ளவில்லை. எண் உயர்ந்தால் படமும் உயரும் என்று நம்மில் யார்தான் நினைக்கவில்லை? ஆனால் 24, 25, 30, 60 என்று அந்தச் செயலி நம்முன் நீட்டும் எண்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தேடிப் படித்தபோது, அது கண்ணின் வரலாறாக இருப்பதைவிடக் காசின் வரலாறாகவே மிகுதியும் இருப்பதைக் கண்டோம்.

1890களில் அமெரிக்காவில் எடிசனின் கூடத்தில் உருவான கருவி நொடிக்கு ஏறத்தாழ 40 படங்களை எடுத்தது. பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 16 அளவில் நிறுத்திக்கொண்டார்கள். படம் குறைந்தால் படச்சுருள் மிச்சம், கருவியும் இலேசாகும், கையாலேயே சுழற்றலாம். 1895 டிசம்பர் 28 அன்று பாரீசில் கட்டணம் செலுத்தி வந்தவர்கள் பார்த்தது அந்தச் சிக்கனமான ஓட்டத்தைத்தான். லூமியேரின் பெட்டிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது ஒன்றே படம் பிடிக்கும், பிடித்த நெகடிவிலிருந்து படி எடுக்கும், அந்தப் படியைத் திரையிலும் காட்டும். நம் பேரன் செய்த மூன்று வேலைகளும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. பின்னர்த் திரைத்தொழில் வளர்ந்தபோதுதான் படப்பிடிப்புத் தளம், ஆய்வுக்கூடம், கொட்டகை என்று அவை மூன்று வீடாகப் பிரிந்தன.

அப்படிப் பிரிந்து எடுக்கப்பட்ட படிகளில் ஒன்று நம் தமிழகத்தின் திரை வரலாற்றில் முக்கிய இடம் பெற்றது. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்தவர். 1905இல் அங்கே படம் காட்ட வந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் தாயகம் திரும்ப நேர்ந்தபோது, அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். அந்நாளில் அது சிறிய தொகை அன்று. வாங்கிய சுருள்களில் இயேசுவின் வாழ்க்கையும் இருந்தது. இரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். 1909இல் சென்னையிலும் கூடாரம் அடித்தார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். அவர் கையில் இருந்தது படிதான், மூலமன்று. ஒவ்வொரு காட்சிக்கும் கீறல் கூடும். அறுந்த இடத்தை வெட்டி ஒட்ட ஒட்டப் படம் குறுகும். கையால் சுழற்றிய காலத்தில் நொடிக்கு எத்தனை படம் என்பதை இயக்குபவரின் தோளே முடிவு செய்தது. ஆண்டவரின் பாடுகள் ஓர் ஊரில் நிதானமாகவும் அடுத்த ஊரில் விரைவாகவும் நடந்திருக்கும் என்று எண்ணும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது.

திரை பேசத் தொடங்கியதும் தோளின் கணக்கு செல்லாதாயிற்று. வேகம் மாறினால் குரல் கீச்சிடும், அல்லது இழுபடும். 1926ஐ ஒட்டி அமெரிக்கப் பொறியாளர்கள் கொட்டகைகளில் வழங்கிய வேகங்களைப் பார்த்து, நிமிடத்துக்கு 90 அடி என்று வைத்தார்கள். அடிக்கு 16 படம் வீதம் அதுவே நொடிக்கு 24. இன்றும் 'சினிமா போல' என்று செயலிகள் காட்டும் 24 அதுதான். தொலைக்காட்சி தன் எண்ணை மின்சாரத்திடம் வாங்கிக்கொண்டது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. அதனால் அங்கே 30, அதன் இருமடங்கு 60. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 50 சுற்று. அதனால் 25, 50. சென்னையில் 1975இல் தொடங்கிய தொலைக்காட்சி நிலையமும் நொடிக்கு 25 என்ற கணக்கில்தான் ஒளிபரப்பியது. கைபேசிகளோ பெரும்பாலும் 30, 60 என்ற அமெரிக்க எண்களையே முன்னே வைக்கின்றன. நம் ஊர்க் குழல்விளக்கின் கீழ் 60இல் எடுத்த திருமணப் படத்தில் வெளிச்சம் துடிப்பதற்கும் பட்டை பட்டையாக ஓடுவதற்கும் காரணம் இதுவே. விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. 100ஐ 60 சரியாக வகுக்காது, 50 வகுக்கும். கைபேசியின் அமைப்பில் 25ஓ 50ஓ இருந்தால் இரவு விழாக்களுக்கு அதைத் தேர்வது நல்லது.

எண்ணைக் கூட்டியவர்கள் எல்லாரும் பாராட்டுப் பெற்றுவிடவில்லை. 2012இல் பீட்டர் ஜாக்சன் தம் 'ஹாபிட்' படத்தை நொடிக்கு 48 என்று எடுத்தபோது, தொலைக்காட்சித் தொடர் போல இருக்கிறது என்று பலர் முகம் சுளித்தனர். இருக்கட்டும், விரைந்து அசையும் கைகளுக்குக் கூடுதல் படங்கள் உதவத்தான் செய்யும். நாற்று நடும் கைகளுக்கு 60 ஏற்ற எண்ணே. பேரனின் தேர்வு பிழையன்று.

பிழை வேறிடத்தில். 4கே படம் ஒன்றில் 82,94,400 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று வண்ண எண்கள். நொடிக்கு 60 படம் என்றால், சுருக்காமல் வைத்தால் ஒரு நொடிக்கே ஏறத்தாழ 150 கோடி பைட். ஒரு நிமிடத்துக்கு 90 ஜிகாபைட் அளவு. எந்தக் கைபேசி தாங்கும்? இன்றைய கைபேசிகள் அதே நிமிடத்தைச் சுமார் 400 மெகாபைட்டில் அடக்குகின்றன. அதாவது, படம் பிடிக்கும்போதே இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த வித்தையின் வேர் நம்மவர் கையில் இருப்பதை அறிந்து வியந்தோம். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த நசீர் அகமது, படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் மெல்லிய, கூரிய அலைகளின் கூட்டாக எழுதும் கணித முறை ஒன்றை 1972இல் எண்ணினார். ஆய்வுக்குப் பணம் கேட்டபோது, யோசனை மிக எளியது என்று மறுத்துவிட்டார்களாம். 1973 கோடை விடுமுறையில் ஊதியமின்றியே உழைத்து, தம் மாணவர் டி. நடராஜன், டெக்சாசில் இருந்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் அதை வெளியிட்டார். கண் அவ்வளவாகக் கவனிக்காத கூரிய நுணுக்கங்களை முதலில் கைவிடலாம் என்பதே அதன் பயன். பின்னாளில் வந்த எம்பெக் முறைகள், 2003இன் எச்.264, 2013இன் எச்.265 எல்லாம் இதன் வழிவந்தவையே. அவற்றோடு இன்னொரு சிக்கனமும் சேர்ந்தது: முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதினால் போதும்.

மாறாத சுவருக்கு முன் நின்று பேசும் ஒருவரை இந்த முறை எளிதாகச் சுருக்கிவிடும். ஆனால் வயல்? காற்றில் ஆடும் நாற்று, ஒவ்வொரு காலடிக்கும் கலங்கும் நீர், நீரில் சிதறும் வானம், பத்துப் பெண்களின் இருபது கைகள். நொடிக்கு 60 முறையும் எல்லாமே மாறிக்கொண்டிருக்கின்றன. சுருக்குபவனுக்கு நடவு வயலைவிடக் கடினமான காட்சி அதிகம் இல்லை. நொடிக்கு இத்தனை பைட்தான் என்று எக்ஸ்போர்ட்டில் நாம் கட்டி வைத்த அளவு போதாமற்போகும்போது, செயலி சதுரங்களின் நுணுக்கத்தைக் கைவிடுகிறது. திரையில் நாங்கள் கண்ட சதுரங்கள் அவைதாம்.

பிறகு 4கே என்றும் 60 என்றும் ஏற்றியபோது நடந்தது என்ன? செயலி ஒரு புள்ளியைப் பல புள்ளிகளாக விரித்தது. இருந்த படத்தையே இருமுறை வைத்து எண்ணிக்கையை நிரப்பியது. கைவிட்டது எங்கும் எழுதப்படவில்லை. எனவே எடுக்க இடமும் இல்லை. நண்பர்களுக்கு அனுப்பும் செய்திச் செயலிகளும் தம் பங்குக்கு மீண்டும் ஒருமுறை சுருக்குகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மட்டும் அது தவிரும்.

சென்னையின் ஜெமினி, பிரசாத் ஆய்வுக்கூடங்கள் படச்சுருளில் படி எடுத்த நாள்களில் கொட்டகைக்குப் போனது படி. நெகடிவ் தனியே பெட்டிக்குள் இருந்தது. அதைக் காக்கத் தவறிய இடங்களில் நேர்ந்ததையும் நாம் அறிவோம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று ஒரு சுருள்கூட இல்லை. லூமியேரின் மூன்று வேலைகளும் மீண்டும் ஒரே பெட்டிக்குள் வந்து இப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2010இல் வந்த ஐபோன் 4, படம் பிடித்து, தன்னிலேயே தொகுத்து, தன் திரையிலேயே காட்டியது. 2017இல் 4கேயும் 60உம் அதில் ஒன்றாகச் சேர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் நெகடிவைப் பூட்டி வைத்த அந்த ஆள் மட்டும் இந்தப் பெட்டிக்குள் வரவில்லை.

பேரன் இப்போது மூலப் பதிவுகளை வன்தட்டு இரண்டில் படியெடுத்த பிறகே செயலியைத் திறக்கிறான். அன்று அவன் நறுக்கிய தலைப்பகுதியில் பாட்டின் முதல் நான்கு அடிகள் இருந்தன. அவற்றை அறிந்த மூதாட்டி ஒருவர் ஊரில் இன்னும் இருக்கிறார். முழங்கால் வலியால் வயலுக்கு இறங்க மாட்டார். வரும் நடவுக்கு வரப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடச் சொல்லலாம் என்று பேரன் கேட்டுப் பார்த்தான். கையில் நாற்று இல்லாமல் அடி நினைவுக்கு வராது, ஒரு கட்டு நாற்று கொண்டு வா என்று அவர் சொல்லியிருக்கிறார்.