கல்லும் படச்சுருளும்

சாத்தாங்காடு என்றதும் இரும்புச் சந்தையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு அண்மையிலுள்ள திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில், நம் ஆடற்கல்வியின் பழைய ஏடு ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

அக்கோயிலில் பதியிலார், தேவரடியார், ரிஷபத்தளியிலார் என மூவகைப் பெண்டிர் பணிபுரிந்தனர். 14-ஆம் நூற்றாண்டில் அவர்களிடையே பணிமுறை குறித்து வழக்கு மூண்டது. அதிகாரிகள் கூடித் தீர்த்து, முடிவைக் கல்வெட்டாக்கினர். யாருக்கு எப்பணி என்பதைக் கல் காத்தது. சொக்கம், அகமார்க்கம் என்னும் பெயர்களையும் காத்தது. ஆனால் அவற்றை எவ்வாறு ஆடினர் என்பதைக் காக்க அதனால் இயலவில்லை. அந்த அறிவு ஆசானின் தட்டுக்கழியிலும் மாணவியின் உடலிலுமே வாழ்ந்தது. கோயில்களுக்குப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் தடுத்தது. வழக்கம் ஒழிந்தது நன்றே. எனினும் அதனோடு பல குடும்பங்களின் கலைக்கல்வியும் அறுந்து போயிற்று.

அறுபடாது நின்ற பரம்பரைகளுள் ஒன்று வீணை தனம்மாளின் குடும்பம். அவர் பேத்தி பாலசரசுவதி கந்தப்பப் பிள்ளையிடம் பயின்றவர். அவரைப் பற்றி 1976-இல் சத்யஜித் ராய் 'பாலா' என்னும் படத்தை எடுத்தார். அதில், கடற்கரையில் நின்று அவர் 'கிருஷ்ணா நீ பேகனே' பதத்துக்கு அபிநயிக்கும் காட்சி உண்டு. கல்லால் இயலாததைப் படச்சுருள் செய்துவிட்டது என்றே, அதைக் காணுந்தோறும் எனக்குத் தோன்றும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரே அடியை ஒவ்வொரு நாளும் வெவ்வேறாக விரித்துக் காட்டியவர் பாலசரசுவதி. படத்தில் இருப்பதோ ஒருநாளைய விரிவு மட்டுமே. அதை அப்படியே பின்பற்றும் மாணவி அந்த ஒருநாளைக் கற்பாளேயன்றி, விரிக்கும் ஆற்றலைக் கற்கமாட்டாள். ஒலிநாடாவும் அத்தகையதே. ஆடுபவள் தாளம் தவறினாலும் அது நில்லாது ஓடும். தட்டுக்கழி பிடித்த ஆசானோ அங்கேயே நிறுத்தித் திருத்துவார்.

இன்று வடசென்னை வீடுகளிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் பெருங்கலைஞர் பலரின் ஆடலைக் காணலாம். காணட்டும். அதே கருவியால் மாணவியின் அரைமண்டியையும் படம்பிடித்து, ஆசிரியர் அருகிலிருந்து அவளுக்குக் காட்டட்டும். முழங்கால் எங்கே தளர்ந்தது, பார்வை எங்கே கையை விட்டு விலகியது என்று அவளே அறிவாள். ஆசானும் கருவியும் சேர்ந்து நடத்தும் பாடம் அதுவே என்பது என் துணிபு.