செத்த மாட்டில் பிறந்த தேனீ

மாடு செத்தால் அதுக்குள்ள இருந்து தேனீ பிறக்கும் எண்டு இப்ப ஆராவது சொன்னால் சிரிச்சுப்போட்டுப் போயிடுவம். பழைய கிரேக்கர்களும் உரோமர்களும் சிரிக்கவில்லை. அதற்கு 'பூகோனியா' என்று பெயர் வைத்து, செய்முறையும் எழுதி வைத்தார்கள்.

உரோமக் கவிஞர் வேர்ஜில், கி.மு. 29 அளவில் முடித்த 'ஜோர்ஜிக்ஸ்' என்ற வேளாண்மைக் காவியத்தின் நான்காம் பாகத்தில் அதை விபரிக்கிறார். தேனீ முழுதையும் இழந்த ஒருவர் செய்யவேண்டியது இது: நாலு ஜன்னல் வைத்த ஒடுங்கிய அறை, இரண்டு வயதுக் காளைக்கன்று. மூக்கையும் வாயையும் அடைத்து, தோல் கிழியாமல் அடித்தே கொல்ல வேண்டும். வாசிக்கவே வயிறு பிரட்டுது. பிறகு வாசனைச் செடிகளைப் போட்டு மூடிவிட்டால், முதலில் காலில்லாத உயிர்கள் நெளியுமாம். பிறகு சிறகு முளைத்து இரையுமாம்.

அந்த நெளியும் உயிர்களில்தான் நாங்கள் நின்றுவிட்டோம். தேனீயின் குடம்பி கூட்டு அறைக்குள்ளேயே வளரும். வெளியில் நெளிந்து திரியாது. அப்ப அவர்கள் கண்டது எதை?

தேனீயே இல்லை, 'எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ்' என்ற ஒருவகை இலையான் என்று 1894இல் எழுதினார் ரஷ்யப் பூச்சியியலாளர் ஒஸ்டன்-சாக்கன். நிறம், பருமன், பூவில் வந்து இருக்கிற விதம் எல்லாம் தேனீதான். ஆனால் தேனீக்கு நாலு சிறகு, இதற்கு இரண்டு. கொடுக்கும் இல்லை. இதன் குடம்பி வளர்வது சாணிக் கிடங்கு, மலக்குழி போன்ற அழுகல் தண்ணியில். ஒட்சிசன் குறைந்த அந்தச் சேற்றுக்குள் கிடந்துகொண்டு, வால் மாதிரியான குழாயை மேலே நீட்டி மூச்சுவிடும். தண்ணி ஏற ஏறக் குழாயும் நீளும். 'எலிவால் புழு' என்ற பெயர் அதனால் வந்ததுதான். முதிர்ந்ததும் காய்ந்த இடம் தேடி ஊர்ந்துபோய்க் கூட்டுப்புழுவாகும்.

வேதாகமத்தில் சிம்சோன் சிங்கத்தின் உடலுக்குள் கண்ட தேனீக்களையும் ஒஸ்டன்-சாக்கன் இதே கணக்கில் சேர்த்தார். ஆனால் அங்கே தேனும் இருந்ததாக எழுதியிருக்கே! அதில எங்களுக்குச் சந்தேகம்தான்.

10ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் தொகுத்த 'ஜியோபோனிகா'விலும் அதே அறை, அதே மாடு. 1668இல்தான் இத்தாலியரான ரெடி, இறைச்சிச் சாடியைத் துணியால் மூடி, இலையான் முட்டையிடாமல் புழு வராது எண்டு காட்டினார். அதுவரை ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினார்களே தவிர, சிறகை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

இந்த இலையான் கூடு கட்டாது, தேன் சேர்க்காது. தேனீயை இழந்து, ஏட்டை நம்பிக் கன்றையும் அடித்துக் கொன்ற ஆள் ஆராவது இருந்திருந்தால், அவருக்கு மிஞ்சியது நாலு ஜன்னலாலும் பறந்துபோன இலையான்கள்தான்.