ஒருவர் மிஞ்சியபோது வந்த அகராதி

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பும் கப்பல் கரை சேர்வது ஹேடோ துறையில்தான். இறங்கியதும் தமிழ் தாராளமாகக் காதில் விழும். இந்தி, வங்காளம், தெலுங்கும் கேட்கும். அந்த மண்ணுக்கே உரிய அகா-பியா மொழியைப் பேச மட்டும் இன்று ஆளில்லை.

அந்தமானியர் பேச்சை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் நில அளவையாளர் கோல்புரூக். 1789-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் பக்கத்துச் சாத்தம் தீவில் குடியேறிய காலம் அது. அவருடைய சொற்பட்டியல் 1795-இல் கல்கத்தாவின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் அச்சேறியது. அவை ஜாரவா என்ற இன்னொரு அந்தமான் இனத்தாரின் சொற்கள் என்பது பிற்பாடுதான் புலப்பட்டது.

1858-இல் கைதிகளின் குடியிருப்பு வந்தது. காட்டு மக்களைத் தங்கள் பக்கம் இழுக்க 1863 முதல் ‘அந்தமான் இல்லம்’ என்ற பெயரில் கொட்டகைகள் அமைத்தார்கள். ஹேடோவிலும் ஒன்று இயங்கியது. உணவும் புகையிலையும் கொடுத்தார்கள். 1875 முதல் நான்கு ஆண்டுகள் இவற்றைக் கவனித்த அதிகாரி எட்வர்ட் ஹோரஸ் மேன், அங்கே வந்தவர்களிடமே அகா-பியா மொழியைக் கற்றார்.

அவர் தந்த குறிப்புகளை 1882-இல் லண்டன் மொழியியல் சங்கத்தில் விரிவாக எடுத்துரைத்தார் ஒலியியல் அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ். எப்பேர்ப்பட்ட இலக்கணம் அது! ‘பேரிங்கா’ என்றால் நல்லது. முன்னால் கையைக் குறிக்கும் ‘உன்’ சேர்ந்தால் கைத்திறமைசாலி. கண்ணைக் குறிக்கும் ‘இக்’ சேர்ந்தால் கூர்மையான பார்வையுள்ளவர். வாயைக் குறிக்கும் ‘அகா’ சேர்ந்தால் மொழிகளில் வல்லவர். உடலையே இலக்கணமாக்கிய மக்கள் இவர்கள்.

அமெரிக்காவில் செரோக்கி மக்களுக்கு அவர்களில் ஒருவரான செகோயாவே 1821-இல் எழுத்து அமைத்தார். 1828-இல் சொந்தப் பத்திரிகையும் வந்துவிட்டது. அந்தமானியருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மொழி கற்க உதவிய இல்லங்களே நோய் பரவும் இடங்களுமாயின. மேகநோய் வந்தது. 1877-இல் தட்டம்மை வந்து கொத்துக்கொத்தாகக் கொன்றது.

மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். அகா-பியா இனத்தார் 1901-இல் 37 பேர், 1911-இல் 10 பேர், 1921-இல் ஒரே ஒருவர். மேனின் தென் அந்தமான் மொழி (அதாவது அகா-பியா) அகராதி பம்பாயில் நூலாக வந்தது 1923-இல். அட்டையில் இருப்பது மேனின் பெயர். சொல் கொடுத்தவர்களும் அந்நூலின் ஆசிரியர்களே என்பேன்.

1931 கணக்கெடுப்பில் அந்த இனத்தில் எவரும் இல்லை. வடக்கே அகா-போ மொழியின் கடைசிக் குரல், போவா சீனியர், 2010 ஜனவரி 26-இல் மறைந்தார். அவர் பாட்டையும் பேச்சையும் மொழியியலாளர் அன்விதா அப்பி ஒலிப்பதிவு செய்த கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)