பிரின்ஸ்டனில் சாம்பல் அள்ளியவர்

வாலிபம் எல்லாருக்கும் வரும்னு சொல்றாங்க. வயசு எல்லாருக்கும் வரும். வாலிபம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. காதலித்து, தோற்று, குடித்து, உலகத்தைத் திருத்தப் போவதாக விடிய விடியப் பேசி, கடைசியில் 'நான் யார்' என்று ஒருவன் கண்டுபிடிக்க நாலைந்து வருஷம் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்காக வேறு யாரோ அடுப்பு எரிக்க வேண்டும். யாரோ சாம்பல் அள்ள வேண்டும். அமெரிக்காவின் பேர்போன வாலிப நாவல் ஒன்றை அந்தச் சாம்பல் பக்கமிருந்து படித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1896இல் பிறந்தவர். 1913இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பட்டம் வாங்கவில்லை. அவருடைய முதல் நாவல் 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' 1920 மார்ச் 26இல் வெளியானது. அப்போது அவருக்கு வயது 23. முதல் அச்சு 3,000 பிரதிகளும் மூன்றே நாளில் விற்றுப் போயின.

கதாநாயகன் ஏமரி பிளேன் பணக்கார வீட்டுப் பிள்ளை. பிரின்ஸ்டனில் படிக்கிறான். அங்கே மாணவர்களுக்குள்ளேயே சாப்பாட்டு கிளப்புகள் உண்டு. எந்தக் கிளப்பில் இடம் கிடைத்தது என்பதை வைத்துத்தான் ஒருவனுக்கு மதிப்பு. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பர்ன் ஹாலிடே என்ற மாணவன் இந்தக் கிளப்புகளை எதிர்த்துக் கலகம் செய்கிறான். நாவலில் இலட்சியவாதத்தின் முகம் அவன்தான். 1917இல் பிரின்ஸ்டனில் உண்மையாகவே நடந்த கலகம் அது. ஆனால் வெள்ளை மாணவர்களுக்குள் நடந்த பந்திச் சண்டைதான். பந்திக்கே வர முடியாதவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பிறகு காதல். விளம்பரக் கம்பெனியில் வாரம் 35 டாலர் சம்பளம் வாங்கும் ஏமரியை விட்டுவிட்டு, ரோசலிண்ட் வசதியானவனைத் தேடிக்கொள்கிறாள். ஏமரி வேலையை உதறிவிட்டு மூன்று வாரம் விடாமல் குடிக்கிறான். 1919 ஜூலை 1இல் போர்க்கால மதுவிலக்கு வருகிறது. அவன் குடியும் நிற்கிறது. கடைசியில் ஒரு பணக்காரரின் காரில் போகும்போது சோசலிசத்துக்காக வாதாடுகிறான். அதற்கு அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று, பணம் உள்ளவனுக்கே அழகான பெண் கிடைக்கிறாள் என்பது. அவனுடைய துக்கத்தை நான் கேலி செய்யவில்லை. காதல் தோல்வி யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் பெரிய வீட்டுப் பையன் குடித்தால் அது சோகம், இலக்கியம். சேரிக்காரன் குடித்தால் மட்டும் 'அவங்க குணமே அப்படித்தான்' என்பது எந்த ஊர் நியாயம்?

ஏமரியின் குடி நின்ற அதே ஜூலை மாதம், 27ஆம் தேதி, சிகாகோ ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயது கறுப்புப் பையன், வெள்ளையன் எறிந்த கல்லால் தண்ணீரில் மூழ்கிச் செத்தான். தொடர்ந்து நடந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள். அவனுக்கும் அது வாலிப வயசுதான்.

இப்போது பிரின்ஸ்டன் ஊருக்குள் போவோம். 1898இல் பால் ராப்சன் பிறந்தது அங்கேதான். பின்னாளில் உலகம் கொண்டாடிய பாடகர், நடிகர், போராளி. அவருடைய அப்பா வில்லியம் ட்ரூ ராப்சன் அடிமையாகப் பிறந்து, 15 வயதில் தப்பி வந்தவர். விதர்ஸ்பூன் தெருவில் கறுப்பர்களின் தேவாலயத்தில் இருபது வருஷத்துக்கு மேல் போதகராக இருந்தார். 1901இல் அந்தப் பதவியை இழந்தார். அதன்பின் குதிரைவண்டியில் ஊரார் வீட்டுச் சாம்பலை அள்ளிப் பிழைத்தார். கல்லூரி மாணவர்களை ஏற்றிப் போகும் வண்டியும் ஓட்டினார். ஃபிட்ஸ்ஜெரால்டு வருவதற்குச் சில வருஷம் முன்பே அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிருந்தது. ஆனால் அந்தத் தெருவும் அந்த வேலைகளும் அங்கேயேதான் இருந்தன.

1902 முதல் 1910 வரை பல்கலைக்கழகத் தலைவர் உட்ரோ வில்சன். பிறகு நாட்டுக்கே அதிபரானவர். 1909இல் சேர விரும்பி எழுதிய ஒரு கறுப்பு மாணவருக்கு, இங்கே வருவது உசிதமல்ல என்று பதில் போகச் செய்தவர். கறுப்பர் ஒருவர் அங்கே இளங்கலைப் பட்டம் வாங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல்தான் ஒரு கல்விப் பள்ளியிலிருந்து வில்சன் பெயரை எடுத்தார்கள். இன்று அதே ஊரில் ஒரு தெருவுக்கு ராப்சன் பெயர்.

சாம்பல் பக்கத்து வாலிபத்தை யார் எழுதினார்கள்? 1930இல் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதினார். நாவலின் பெயர் 'நாட் விதவுட் லாஃப்டர்'. கான்சாஸ் சிற்றூர் ஒன்றில் சான்டி என்ற பையன், வெள்ளைக்காரர் துணி வெளுக்கும் பாட்டியிடம் வளர்கிறான். ஹோட்டலில் வேலை செய்யும்போது, குடித்திருந்த தெற்கத்தி வெள்ளையன் ஒருவன் அவனை ஆடிக் காட்டச் சொல்கிறான். சான்டி ஷூ பாலிஷ் பெட்டியை அவர்கள்மேல் வீசிவிட்டு ஓடுகிறான். ஏமரியின் கதையில் குடி உள்ளேயிருந்து பேசுகிறது. இங்கே அதே குடி எதிரில் நின்று ஒரு பையனை அதட்டுகிறது.

ஃபிட்ஸ்ஜெரால்டைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குடியே அவர் உடம்பை அரித்தது. 1940இல் 44 வயதில் செத்துப்போனார். படியுங்கள். ஆனால் ஹியூஸையும் சேர்த்துப் படியுங்கள். அமெரிக்காவின் வாலிபம் என்று ஒரு பக்கத்தை மட்டும் யாராவது நீட்டினால், வண்டியை ஓட்டியது யார் என்று கேளுங்கள். நம்ம பிள்ளைகளும் காதலிச்சிருக்காங்க, கனவு கண்டிருக்காங்க. அதை எழுத வேண்டியது நாம்தான்.