ஒரு பிரதி

சென்ற மாதம் ஒரு காலை, என் கட்டுரைகளை வைத்திருந்த இணையதளத்தைத் திறந்தேன். 'கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரே வரி. ஆண்டுக் கட்டணம் பாக்கி. நினைவூட்டும் மின்னஞ்சல்கள் நான் பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருந்தன. ஒன்பது வருட எழுத்து. கையில் ஒரு பிரதிகூட இல்லை. அலுவலக நகல் வைக்காமல் ஒரு கடிதமும் அனுப்பாத குமாஸ்தா நான்!

பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அப்போது முதலாம் பிரான்சுவா அரசர் நினைவுக்கு வந்தார். அச்சாகும் புத்தகம் எதுவானாலும், ஒரு பிரதியை ப்ளுவா கோட்டையிலிருந்த தம் நூலகத்தில் ஒப்படைக்காமல் விற்கக் கூடாது என்று 1537இல் ஆணையிட்டவர் அவர். 'தெப்போ லெகால்' என்ற அந்த ஏற்பாடு புரட்சிக் காலத்தில் சிறிது நின்று, மறுபடி வந்தது. 2006இல் இணையப் பக்கங்களையும் அதில் சேர்த்தார்கள்.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்தது. லட்சக்கணக்கானோர் குடியேறினார்கள். 1999இல் அதை வாங்கிய யாஹூ, முன்னறிவிப்புக் கொடுத்து 2009 அக்டோபர் 26 அன்று மூடிவிட்டது. தன்னார்வலர்கள் அவசர அவசரமாக நகலெடுத்ததால் ஏராளமான பக்கங்கள் பிழைத்தன.

நான் பாக்கியைக் கட்டினேன். இரண்டு நாளில் தளம் திரும்பியது. அன்றே எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, அச்சிட்டும் பீரோவில் வைத்தேன். நண்பர்களே, இணையத்தில் நம் இடம் வாடகை வீடுதான். பிரதி ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும்.