இசைத்தட்டின் சுழல்வேகமும் கிட்டப்பாவின் சுருதியும்

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், தமது 27ஆம் வயதில் மறைந்தார். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. அவர் எப்படத்திலும் நடித்திலர். எனவே அவரது குரலுக்கு இன்று எஞ்சியுள்ள நேரடிச் சான்று இசைத்தட்டுகளே. அவை எவ்வாறு எண்ணிம வடிவுக்கு மாற்றப்படுகின்றன என்பது இசை வரலாற்றோடு தொடர்புடைய வினாவாகும்.

இத்தகைய தட்டுகள் பலவும் தனியார் வீடுகளிலேயே தங்கியுள்ளன. பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தில் எண்ணிமமாக்கப்பட்ட ஓடியன் தட்டுகளும் தனிச் சேகரிப்பாளர்களிடமிருந்து திரட்டப்பட்டவையே. வீட்டில் நிகழும் மாற்றத்தை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் பொருந்தாது.

78 சுற்றுத் தட்டு அரக்கும் கற்பொடியும் கலந்தது. 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான நெடுந்தட்டு வினைலால் ஆனது. வினைலைத் துடைக்கப் பயன்படும் சாராயக் கரைசல் அரக்கைக் கரைத்துவிடும். முன்னதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனை ஆரமுள்ள ஊசியும் பின்னதற்கு 25 மைக்ரான் ஊசியும் வேண்டும். மெல்லிய ஊசி அரக்குத் தட்டின் பள்ளத்தின் அடியில் உரசி, படிந்த தூசியையே பாட்டினும் மிகுதியாக ஒலிக்கச் செய்யும். காத்திவாக்கம் போன்ற ஊர்களில் இது சிறு செய்தியன்று. கடலின் உப்புக்காற்றோடு, 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலும் அங்குள்ள வீடுகளை அடைந்தது. அத்தகைய சூழலில் இருந்த தட்டைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவாமல் ஓட்டுதல் பள்ளத்தைத் தேய்ப்பதாகும்.

தூசியினும் நுட்பமானது வேகச் சிக்கல். '78' என்பது நடைமுறையில் உறுதியான அளவன்று. தொடக்ககாலப் பதிவுகள் அதனினும் குறைந்தும் கூடியும் செதுக்கப்பட்டன. 78 சுற்றில் பதிந்த தட்டை 82.6 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும். மூன்று நிமிடப் பாடல் பத்து விநாடி முன்னதாக முடியும். கிட்டப்பாவின் புகழ் அவரது உச்சசுருதியைப் பற்றியது. ஆதலின், சுழல்வேகம் குறிக்கப்படாத ஒலிக்கோப்பைக் கொண்டு அவர் எத்தனை கட்டையில் பாடினார் எனக் கூறுவது சான்றின்றிக் கூறுவதேயாகும். இணையத்தில் உலவும் கோப்புகளில் பெரும்பாலானவற்றை இக்குறை பற்றியுள்ளது.

நாடகப் பாடல்களில் பக்கவாத்தியமாக ஒலிக்கும் ஆர்மோனியம் ஓரளவு துணைபுரியும். அதன் சுரங்கள் நிலையானவை. எனவே பாடகரின் ஆதார சுருதி இரு கட்டைகளுக்கு இடையில் விழுமாயின் வேகப்பிழையை ஐயுறலாம். பிழை சரியாக அரைக் கட்டையாக இருப்பின் ஆர்மோனியமும் ஒருசேர ஏறிவிடுமாதலால் இச்சோதனை பயன்படாது. தட்டு எண்ணும் அதே அமர்வில் பதிந்த பிற தட்டுகளுமே அப்போது வழிகாட்டும்.

ஆகவே இரைச்சல் நீக்கம், வேகத் திருத்தம் ஆகியன செய்யப்படாத மூலப்பதிவொன்று 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் தனியே காக்கப்பட வேண்டும். உறையில் உள்ளதையன்றி, தட்டின் நடுச்சீட்டையும் அதனருகே பொறித்த எண்ணையும் படமெடுத்து, ஓட்டிய வேகத்தையும் ஊசியின் அளவையும் அக்கோப்புடன் எழுதி வைத்தல் வேண்டும்.